டிசம்பர் வருமுன்னே கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு வீட்டில் கடன் நிற்கிறது என்றால், அந்த வீட்டில் கை தாராளம் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். கேக்கைச் சின்னதாக வாங்கு, ஆளுக்கு ஒரு துணியோடு நிறுத்து, நட்சத்திரத்துக்கு இவ்வளவு எதற்கு என்று அறிவுரையும் அந்தத் திசையிலேயே வரும். கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் வேறு. நடுத்தர வருமானமுள்ள ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் பண்டிகைக்குச் செலவிடுவது அதன் ஆண்டு வருமானத்தில் சிறு பங்குதான். அந்தத் தொகை முழுவதும் டிசம்பர் 10-க்கும் 25-க்கும் இடையில், கையில் காசு மிக மெலிந்திருக்கிற பதினைந்து நாளில் வந்து விழுவதால் கடனாகிறது. ஆகவே இந்த அத்தியாயத்தின் வாதம் இது: செலவை வெட்டுவதற்கு முன்னால் அதை டிசம்பரை விட்டு வெளியே நகர்த்துங்கள். நகர்த்த முடிந்ததையெல்லாம் நகர்த்திய பிறகு வெட்ட வேண்டியது கொஞ்சம்தான் மிஞ்சும்.

டிசம்பர் ஏன் மெலிந்த மாதம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் சம்பளக்காரர் கையில் மொத்தமாகப் பணம் வருவது தீபாவளியை ஒட்டி. 1965-ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் குறைந்தபட்சப் போனஸ் 8.33 சதவீதம் என்றும், கணக்காண்டு முடிந்து 8 மாதத்துக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும் என்றும் வகுத்தது. மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்கு நவம்பர் கடைசி நாள் கெடு. நடைமுறையில் தீபாவளிக்கு முன்பே பட்டுவாடா ஆகிவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், அதாவது சுமார் 44 லட்சம் பேர். இவர்கள் பெரும்பான்மையினரின் பண்டிகைக்குப் போனஸ் வாங்கி, ஒன்றரை இரண்டு மாதம் கழித்துத் தங்கள் பண்டிகையைக் கொண்டாடுகிறவர்கள். போனஸ் வந்த வாரத்தில் தெருவே கடைக்குப் போகும்போது இவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் பட்டாசு கேட்பார்கள். பழைய பாக்கிகளும் அந்த வாரத்தில்தான் கதவைத் தட்டும். டிசம்பர் பிறக்கும்போது அந்தப் பணம் போன இடம் தெரிவதில்லை.

தினக்கூலிக்காரர் நிலை இன்னும் கடினம். கிறிஸ்தவர்கள் அடர்ந்து வாழும் தென்மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். தூத்துக்குடி உப்பளங்களில் மழை விழுந்ததும் பாத்திகள் கரைந்து வேலை நின்றுவிடும். தை பிறந்த பிறகுதான் பாத்தி மிதிக்கவே ஆள் எடுப்பார்கள். பனையேறிகளுக்குப் பதநீர் காலம் ஆடியோடு முடிந்திருக்கும். கொத்தனார், சித்தாள் வேலை மழையைப் பார்த்துத்தான் நடக்கும். கடலோரத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகு கரையில் கிடக்கும். வேலையில்லாத காலத்தின் அடிமுனையில் ஆண்டின் மிகப் பெரிய பண்டிகை நிற்கிறது. இப்படி இருக்கையில் டிசம்பர் வருமானத்தைக் கொண்டே டிசம்பர் பண்டிகையைக் கொண்டாடச் சொல்வது நடக்காத காரியம்.

நகர்த்துவது சாத்தியமா என்று கேட்டால், கடற்கரையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்பதே பதில். மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் ஒரு மீனவர் 9 மாதங்களில் 1,500 ரூபாய் கட்டுகிறார்; மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்த்து, தொழில் நலிந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. அரசு இரண்டு மடங்கு சேர்த்துத் தருகிறது, நமக்கு யார் தருவார்கள் என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆனால் இந்தத் திட்டத்தில் கவனிக்க வேண்டியது மானியம் மட்டும் அல்ல. என்று மீன் படும், என்று படாது என்று சொல்ல முடியாத தொழிலில் இருப்பவர் மாதம் 170 ரூபாய்க்கும் குறைவாக எடுத்துவைத்து ஒரு தொகையைச் சேர்த்துவிடுகிறார். நினைத்தபோது எடுக்க முடியாத இடத்தில் பணம் இருக்கிறது. அது திரும்பி வரும் மாதமும் தெரிந்திருக்கிறது. இந்த இரண்டையும் மானியம் இல்லாமலே எந்தக் குடும்பமும் ஏற்படுத்திக்கொள்ளலாம். மற்றப் பண்டிகைகளுக்கு இல்லாத ஒரு வசதியும் இங்கே உண்டு: தீபாவளியும் ஈஸ்டரும் ஆண்டுக்கு ஆண்டு நகரும், கிறிஸ்துமஸ் நகராது.

எங்கே சேர்ப்பது என்பதில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. புத்தாண்டு உற்சாகத்தில் ஜனவரியில் வங்கிக்குப் போய் 12 மாதத் தொடர் வைப்பு, அதாவது ஆர்.டி., தொடங்கினால் அது முதிர்வது அடுத்த ஜனவரியில். பண்டிகை கடந்து போயிருக்கும். 12 மாதக் கணக்கு என்றால் நவம்பர் நடுவில் தொடங்குங்கள். 9 மாதக் கணக்கு தருகிற வங்கி என்றால் பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் எடுக்கலாம். தபால் அலுவலக ஆர்.டி. மாதம் 100 ரூபாய்க்கும் கிடைக்கும், ஆனால் அது 5 ஆண்டுக் கணக்கு. இந்தக் காரியத்துக்குப் பொருந்தாது. வங்கிப் படியேற நேரமில்லாதவர்கள் தெருவில் ‘பண்டு’ பிடிக்கும் ஒருவரிடம் வாரா வாரம் கட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார், கடைசியில் பலகாரச் சாமானும் பாத்திரமும் தருவார் என்பதில் ஒரு கவர்ச்சி உண்டு. அவர் ஒரு நாள் காணாமல் போனால் கேட்க ஆளில்லை. பண்டிகைச் சீட்டு கட்டி ஏமாந்தவர்கள் காவல் நிலையத்தில் நிற்கும் செய்தி அடிக்கடி வருகிறது. அதைவிட, சபையின் பெண்கள் ஐக்கிய சங்கமோ பங்கின் அன்பியமோ பத்துப் பன்னிரண்டு குடும்பமாகச் சேர்ந்து, இரண்டு பேர் கையெழுத்தில் ஒரு வங்கிக் கணக்கு திறந்து நடத்துவது மேல். ஒருவருக்கொருவர் முகம் பார்க்கிறவர்கள் என்பதால் தவணை தவறுவதும் குறையும்.

சேர்க்காமல் கடன் வாங்கினால் ஆகும் விலையையும் எண்ணிப் பாருங்கள். 10,000 ரூபாய்த் தண்டல் என்று வாங்கினால், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும், கையில் வருவது 8,500 போல இருக்கும். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். டிசம்பர் 21-இல் கட்டத் தொடங்கினால் முடிவது மார்ச் 30. லெந்து நாட்கள் வந்த பிறகும் கிறிஸ்துமஸுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு அதே 10,000 வாங்கி, வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு அடுத்த டிசம்பர் வரை இழுத்தால் 6,000 ரூபாய் வட்டியாகவே போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். அந்த 6,000 ரூபாய் இன்னொரு கிறிஸ்துமஸின் பெரும்பகுதிச் செலவு. வேறு வழியே இல்லாமல் வாங்கத்தான் வேண்டும் என்றால் கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ நகையை வைத்து வாங்குங்கள். வாசலுக்கு வந்து தருகிறவரிடம் வேண்டாம்.

இனி எவையெவை நகரும் என்று பார்க்கலாம். துணிதான் முதலில் நகரக்கூடியது. ஆடித் தள்ளுபடியில் பெரியவர்களுக்கு எடுத்துவிடுங்கள். புடவையும் வேட்டியும் ஐந்து மாதத்தில் அளவு மாறப்போவதில்லை. பிள்ளைகளுக்கு ஆடியில் எடுத்தால் டிசம்பரில் கை ஏறிவிடும். அவர்களுக்குத் தீபாவளி முடிந்த வாரத்தில் கடைக்குப் போங்கள். விற்காமல் நின்ற சரக்கை ஒதுக்க ஜவுளிக்கடைகள் விலை இறக்கும் நேரம் அது. தைக்கக் கொடுக்க வேண்டியதை அக்டோபர் தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும். டிசம்பரில் தையல்காரர் கேட்பது கூலி மாத்திரம் அல்ல, அவசரக் கூலியும் சேர்த்து. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு இன்னொன்று என்ற வழக்கத்தில் இரண்டாவதைப் பெரியவர்கள் விட்டுவிடலாம். கிறிஸ்துமஸ் துணியையே துவைத்துத் தேய்த்து உடுத்திக்கொண்டு வந்தால் கோயிலில் யாரும் உற்றுப் பார்க்கப்போவதில்லை.

சென்னையிலோ கோவையிலோ வேலை செய்துகொண்டு நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் போகிற குடும்பத்துக்குத் துணியைவிடப் பெரிய செலவு பயணம். அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸும் ஒரே வாரத்தில் வருவதால் ஊருக்குப் போகாதவர்கள் குறைவு. ஆம்னி பேருந்துக் கட்டணம் ஏறுவது அதனால்தான். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. டிசம்பர் 23 இரவு கன்னியாகுமரி எக்ஸ்பிரஸிலோ நெல்லை எக்ஸ்பிரஸிலோ ஏற வேண்டுமென்றால் அக்டோபர் 24 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் இப்போதே வட்டமிட்டு வையுங்கள். நான்கு பேர் தூங்கும் வசதிப் பெட்டியில் போய்வருவதற்கும் கடைசி நேரத்தில் ஆம்னியில் போய்வருவதற்கும் உள்ள வித்தியாசத்தில் பலகாரச் செலவு முழுவதையும் முடித்துவிடலாம்.

பலகாரத்தில் நகர்த்துவதற்கும் குறைப்பதற்கும் நிறைய இடம் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். கடையில் கிலோக் கணக்கில் வாங்கும் இனிப்பை விட்டுவிட்டு, நம் வீடுகளில் வழிவழியாகச் செய்துவந்த பலகாரங்களுக்குத் திரும்பினாலே பாதிச் சுமை இறங்கும். முந்திரிக்கொத்துக்கு வேண்டியது பச்சைப்பயறும் கருப்பட்டியோ வெல்லமோ தேங்காயும் எள்ளும்தான். முந்திரிப்பருப்பு ஒன்றுகூடத் தேவையில்லை. கருப்பட்டியைப் பதநீர் காலத்தில், சித்திரை முதல் ஆடிக்குள், வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் வரத்து நின்று விலை ஏறும். வாங்கியதை ஈரம் படாமல் இறுக மூடிய டப்பாவில் வைக்காவிட்டால் ஐப்பசி மழையில் கசிந்துவிடும். பயறை நன்றாக வறுத்து உடைத்து, தேங்காய்த் துருவலையும் ஈரம் போகச் சிவக்க வறுத்துச் சேர்த்தால் முந்திரிக்கொத்து இரண்டு வாரத்துக்குமேல் கெடாது. ஆகவே டிசம்பர் முதல் வாரக் கடைசியிலேயே சுட்டு வைக்கலாம். அச்சு முறுக்குக்கு மாவு, சீனி, தேங்காய்ப்பால், ஒன்றிரண்டு முட்டை போதும். அச்சைக் காய்ந்த எண்ணெயிலேயே வைத்திருந்து, மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்க வேண்டும். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது, உடைந்ததெல்லாம் வீண்.

பலகாரத்தில் காசைத் தின்பது எண்ணெய். அகலமான சட்டியில் சுட்டால் ஆழத்துக்காகவே இரண்டு லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கும்; குறுகி ஆழமான சட்டியில் அரை லிட்டரிலேயே வேலை நடக்கும், நேரம் மட்டும் கொஞ்சம் கூடும். சுடும் வரிசையும் முக்கியம். இனிப்பில்லாத கைமுறுக்கு முதலில், அடுத்து கலகலா, பிறகு அச்சு முறுக்கு, கடைசியில் அதிரசமும் முந்திரிக்கொத்தும். வெல்லப் பாகு எண்ணெயில் இறங்கினால் அது கறுத்து நுரைத்துவிடும், அதற்குப் பிறகு வேறெதுவும் அதில் சுட முடியாது. இந்த வரிசையில் சுட்டால் ஒரே எண்ணெயில் எல்லாம் முடியும். இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரே நாளில் சுட்டால் எண்ணெயும் விறகோ காஸோ பங்காகும். சுடுகிற கையும் அதிகம். கேக் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அதில் தவறில்லை. ஓவன் இல்லாத வீட்டில் குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, வளையத்தையும் விசிலையும் எடுத்துவிட்டு, மிதமான தீயில் சுடலாம். சீனியைக் கருக்கி ஊற்றினால் பிளம் கேக்கின் நிறம் வந்துவிடும். பேரீச்சையும் கிஸ்மிஸும் ஆரஞ்சுச் சாற்றில் சில நாள் ஊறியிருந்தால் மணமும் குறையாது.

நகராத செலவும் உண்டு. ஆட்டுக்கறி, கோழி, முட்டை, பூ ஆகியவற்றை முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது, அந்த வாரத்தில் எல்லாமே விலை ஏறும். பனி விழும் மாதத்தில் மல்லிகை வரத்து குறைந்து தோவாளைச் சந்தையில் விலை எகிறுவது ஆண்டுதோறும் நடக்கிறது. மல்லிகையை விட்டுக் கேந்தியும் வீட்டுச் செம்பருத்தியும் வைத்துக்கொள்ளலாம். இறைச்சியில் நல்ல வழி பங்குக்கறி. ஆறேழு வீடு சேர்ந்து ஒரு ஆட்டை நவம்பரிலேயே விலை பேசி, பண்டிகைக்கு முந்தின நாள் அறுத்துக் கூறு போட்டால் கடை விலையைவிடக் குறைவாகவே விழும். தலை, குடல், கால் எதுவும் வீணாகாது. தனி வீடாகச் செய்கிறவர்கள் பிரியாணியைக் கோழியில் வைத்து, அரைக் கிலோ ஆட்டுக்கறியை உருளைக்கிழங்கோ வாழைக்காயோ போட்டுக் குழம்பாக நீட்டலாம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் அசனம் என்று ஊரே அரிசியும் காய்கறியும் ஆடும் கொண்டுவந்து ஒரே பந்தியாகச் சாப்பிடுகிற வழக்கம் இருக்கிறது. அதே முறையில் ஒரு தெருவின் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் மதியத்தைச் சேர்ந்து சமைத்தால், தனித்தனியாக ஆகும் செலவில் கணிசமாக மிஞ்சும். தனியாக இருக்கும் முதியவருக்கும் வேலையில்லாத வீட்டுக்கும் கை நீட்டாமலே பந்தியில் இடம் கிடைக்கும் என்பது அதைவிடப் பெரிய காரியம்.

சிக்கனம் பேசும்போது முதலில் கைவைக்கப்படுவது நட்சத்திரம்தான். அது தவறான இடம். 9 வாட் எல்.இ.டி. பல்பைத் தினம் 5 மணி நேரம் 30 நாள் எரித்தால் ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. பழைய 60 வாட் குண்டு பல்பாக இருந்தால் 9 யூனிட். பல்பை மாற்றினாலே போதும், நட்சத்திரத்தை இறக்க வேண்டியதில்லை. காகித நட்சத்திரத்தைக் கிழியாமல் மடித்து வைத்தால் இரண்டு மூன்று ஆண்டு வரும். குடிலுக்கு வைக்கோலும் பழைய அட்டைப்பெட்டியும் மண்ணும் போதும். பத்து நாள் முன்னால் தட்டில் கேழ்வரகோ கடுகோ விதைத்தால் பச்சை தானாக வந்துவிடும். அக்கம்பக்கத்துக்கு அனுப்பும் பலகாரத் தட்டையும் வெட்டாதீர்கள். தீபாவளிக்கு அதிரசமும் ரம்ஜானுக்குப் பிரியாணியும் அனுப்பிய வீடுகள் அவை. தட்டின் அளவைக் குறைக்கலாம், தட்டே போகாமல் இருக்கக் கூடாது.

இதற்கெல்லாம் எழும் மறுப்புகளில் கனமானது ஒன்று, தலைக் கிறிஸ்துமஸ். புதிதாகக் கட்டிக்கொடுத்த மகளுக்கும் மருமகனுக்கும் மோதிரம், பட்டு, தட்டுத் தட்டாகப் பலகாரம் என்று போகும் செலவை எப்படி நகர்த்துவது, குறைத்தால் பெண்ணின் மரியாதை என்னாகும் என்று பெற்றோர் கேட்பார்கள். அந்தக் கவலை பொய்யானதல்ல. மகள் புகுந்த வீட்டில் இரண்டு வார்த்தை கேட்க வேண்டியிருக்கலாம். ஆனால் அந்தச் சீருக்காக வாங்கிய கடனை அடைக்க முடியாமல் பெற்றோர் தவிப்பதும் அதே மகளின் காதுக்குத்தான் போகிறது. கல்யாணப் பேச்சு நடக்கும்போதே, முதல் கிறிஸ்துமஸுக்கு இன்னது செய்வோம் என்று இரு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடிப்பது நல்லது. சம்பந்தி வீட்டாரும் அநேகமாக நம்மைப் போலவே சம்பளத்தில் ஓடுகிறவர்கள்; முன்கூட்டிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். டிசம்பரில் மௌனமாகக் குறைத்தால்தான் மனத்தாங்கல் வரும். தங்கம் தந்தே தீருவது என்று முடிவானால், அதற்கான சேமிப்பைப் பண்டிகைச் சேமிப்போடு கலக்காமல் தனியாக வையுங்கள்.

பண்டிகைக்கு முந்தின நாள் கடைவீதியில் நெரிசலோடு நெரிசலாகத் துணி எடுப்பதுதான் சந்தோஷம், ஆடியில் எடுத்து அலமாரியில் வைத்தால் என்ன இருக்கிறது என்றும் சிலர் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சந்தோஷம் உண்மை. ஆகவே கடைவீதிக்குப் போங்கள். பெரிய சாமான்கள் வாங்கி முடிந்த பிறகு, பிள்ளை கையில் நூறோ இருநூறோ கொடுத்து, அதற்குள் தானே தேர்ந்தெடுக்கச் சொல்லி அழைத்துப் போங்கள். வளையல், பலூன், சீரியல் விளக்குச் சரம் என்று எதை வாங்கினாலும் அது அவர்கள் வாங்கியதாக இருக்கும்.

இந்தப் பக்கத்தை டிசம்பர் முதல் வாரத்தில்தான் கையில் எடுத்திருக்கிறீர்கள், சேமிப்பு எதுவும் இல்லை என்றால், இந்த ஆண்டுக்கு மட்டும் வெட்டத்தான் வேண்டும். பெரியவர்களின் துணியையும் வெளியூர்ப் பயணத்தையும் முதலில் விடுங்கள். பிள்ளைகளின் துணி, ஒரு வகைப் பலகாரம், நட்சத்திரம், பண்டிகை நாள் சாப்பாடு, காணிக்கைக்கு ஒரு சிறு தொகை ஆகியவற்றைக் காப்பாற்றுங்கள். கேரல் குழு வரும் இரவுக்குச் சுக்குக் காப்பியும் முறுக்கும் போதும். பிள்ளைகளிடம் இதை 24-ஆம் தேதி வரை மறைத்து வைக்காமல் முதல் ஞாயிறன்றே சொல்லிவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் கணக்கு புரியும், கடைசி நேரத்து ஏமாற்றம்தான் தாங்காது. பண்டிகை முடிந்த வாரத்தில், ஞாபகம் மங்குவதற்குள், துணிக்கு எவ்வளவு, கறிக்கு எவ்வளவு, பேருந்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, நட்சத்திரத்தை மடித்து வைக்கும் அதே பெட்டிக்குள் போடுங்கள். அடுத்த ஆண்டு மாதா மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அந்தத் தாளில் உள்ள மொத்தத்தைக் கட்டப்போகிற மாதங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தெரிந்துவிடும்.